சார்ஜருக்குத் தெரியாது

"இப்ப வர்ற சார்ஜர் எல்லாம் ஆட்டோ கட் பாஸ். ஃபுல் ஆனா தன்னால நின்னுடும்." ஜொகூர் பாருவில் கைத்தொலைபேசிக் கடையில் கேளுங்கள், ஸ்கூடாயில் மோட்டார் பட்டறையில் கேளுங்கள், மாசாயில் பசார் மாலாமில் டார்ச்லைட் விற்பவரிடம் கேளுங்கள். இதே பதில்தான் வரும். வாங்குகிறவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. பிளக் பொருந்துகிறதா, வோல்ட் ஒத்துப்போகிறதா, விளக்கு பச்சையாக மாறுகிறதா, அவ்வளவுதான். மற்றதைச் சார்ஜர் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்ளாது. இந்த நம்பிக்கை பேட்டரிகளைக் கெடுக்கிறது. சில வீடுகளில் அதைவிடப் பெரிய கேட்டுக்கும் வழி திறந்து வைக்கிறது. அதனால்தான் அதை ஒவ்வொரு புள்ளியாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். பல வருடங்களாக ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம், ஒன்றும் ஆகவில்லை. சார்ஜை நிறுத்தும் சில்லு சில காசுக்கே கிடைக்கிறது, அதை வைக்காமல் எந்தக் கம்பெனியும் பொருள் செய்யாது. 12 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் சார்ஜர், 48 வோல்ட் பேட்டரிக்கு 48 வோல்ட் சார்ஜர், இதில் குழப்பத்துக்கு என்ன இருக்கிறது? நிறைந்ததைச் சொல்லத்தான் பச்சை விளக்கு இருக்கிறது. இத்தனையும் தவறினாலும் பேட்டரிக்குள்ளேயே ஒரு பாதுகாப்புப் பலகை உண்டு, அது வெட்டிவிடும்.

இவற்றில் எதுவும் மடத்தனமான பேச்சு அல்ல. முதலாவது உண்மையான அனுபவம். இரண்டாவது பெருமளவுக்கு உண்மை. பாதுகாப்புப் பலகை நல்ல பேட்டரிகளில் இருக்கத்தான் செய்கிறது. பிழை இவற்றிலிருந்து எடுக்கும் முடிவில் இருக்கிறது.

1. சார்ஜரால் பேட்டரிக்குள் பார்க்க முடியுமா?

முடியாது. அதன் கையில் இருப்பவை இரண்டு கம்பிகள். அவற்றின் முனையில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கலாம். மூன்றாவதாக ஒரு கம்பியும் வெப்ப உணரியும் வைத்திருந்தால் சூட்டையும் அளக்கலாம். "நிறைந்தது" என்ற செய்தி இந்த நான்கில் எதிலும் நேரடியாக வராது. அளந்ததை வைத்து ஊகிக்க வேண்டும். எந்த அளவைப் பார்த்து எப்படி ஊகிப்பது என்பதை, ஒரு குறிப்பிட்ட வகைப் பேட்டரியை மனத்தில் வைத்து, வடிவமைத்தவர் முன்பே முடிவு செய்திருப்பார்.

சோறு வெந்ததா என்று ரைஸ் குக்கருக்கும் தெரியாது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடிப்பகுதி 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், அந்த ஏற்றத்தில் அடியில் இருக்கும் காந்தம் பிடியை விட, சுவிட்ச் விழும். அதே குக்கரில் தளரத் தளரக் கஞ்சி வைத்தால் தண்ணீர் வற்றுவதில்லை, சுவிட்சும் விழுவதில்லை, கஞ்சி பொங்கி மேசையில் வழிகிறது. குக்கர் பழுதாகவில்லை. அது காத்திருந்த அடையாளம் கஞ்சியில் வருவதில்லை, அவ்வளவுதான்.

2. எல்லா பேட்டரியும் ஒரே அடையாளத்தைக் காட்டுகின்றனவா?

இந்த விவாதத்தின் உயிர்நிலை இதுதான். நம் வீடுகளில் புழங்கும் மூன்று வகைகளை எடுத்துக்கொள்வோம்.

ஃபோன், மடிக்கணினி, கம்பியில்லாத் துளைப்பான் எல்லாவற்றிலும் லித்தியம்-அயன். பெரும்பாலான செல்களுக்கு உச்ச அளவு 4.2 வோல்ட். சார்ஜர் முதலில் மின்னோட்டத்தை ஒரே அளவில் செலுத்துகிறது. செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்து நிறுத்தி, மின்னோட்டம் தானாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் இருபதில் ஒரு பங்கு என்று வந்ததும் துண்டிக்கிறது. இதில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை ஏறக்குறைய ஒரு விழுக்காடு, அதாவது 0.04 வோல்ட். துண்டித்த பிறகு துளித்துளியாகக்கூட ஊட்டக் கூடாது.

டார்ச்லைட்டிலும் கேமரா ஃபிளாஷிலும் போடும் டபுள் ஏ ரீசார்ஜ் பேட்டரி நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. இதற்கு நிலையான உச்ச வோல்ட் என்று ஒன்று கிடையாது. நிறையும்வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போய், நிறைந்ததும் மிகச் சிறிதாக இறங்குகிறது. காரணம் இதுதான்: சேமிக்க இடம் தீர்ந்த பிறகு உள்ளே வரும் மின்சாரம் நேர்முனையில் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அந்த ஆக்சிஜன் எதிர்முனைக்குப் போய் மறுபடியும் சேரும்போது சூடு பிறக்கிறது. சூடு ஏறினால் செல்லின் அழுத்தம் தாழ்கிறது. அந்த இறக்கம் செல்லுக்கு ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. நல்ல சார்ஜர் இந்த ஐந்து மில்லிவோல்ட்டைத்தான் பிடிக்க முயல்கிறது. பழைய நிக்கல்-காட்மியத்தில் இது இரண்டு மூன்று மடங்கு பெரியது, அதனால் பிடிப்பது சுலபமாக இருந்தது. மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் இந்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது. அப்படிப்பட்ட சார்ஜர்கள் கடிகாரத்தை மட்டும் நம்பி 14, 16 மணி நேரம் ஓடுகின்றன. பாதி தீர்ந்த பேட்டரியைப் போட்டாலும் அதே 16 மணி நேரம்தான். இரண்டு இரண்டாகத்தான் போட முடியும் என்ற மலிவான சார்ஜர்களில் இன்னொரு கோளாறும் சேர்கிறது: இரண்டையும் சேர்த்து ஒரே பேட்டரியாக அளப்பதால், ஒன்று நிறைந்து கொதிக்கும்போது மற்றது அரைகுறையாகவே இருக்கும்.

மோட்டார், கார், யு.பி.எஸ். மூன்றிலும் ஈய-அமில பேட்டரி. 12 வோல்ட் பேட்டரியை 14.4 வோல்ட் வாக்கில் கொண்டுபோய், பிறகு 13.5க்கும் 13.8க்கும் இடையில் இறக்கி, அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். யு.பி.எஸ்ஸில் அது வருடக்கணக்கில் அப்படியே பிடித்து வைக்கப்படுகிறது. அரைச் சார்ஜில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிப்போய் பேட்டரி சாகும்.

இப்போது மாற்றிப் போட்டுப் பாருங்கள். இறக்கத்துக்காகக் காத்திருக்கும் நிக்கல் சார்ஜரில் லித்தியம் செல்லை வைத்தால் இறக்கம் வராது. அழுத்தம் 4.2ஐத் தாண்டி ஏறும், எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படியும், நேர்முனைப் பொருள் ஆக்சிஜனை விடும், நடுவில் இருக்கும் திரவமோ எரியக்கூடியது. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சார்ஜரில் நிக்கல் செல்லை வைத்தால், சூட்டில் அதன் அழுத்தம் தாழத் தாழ மின்னோட்டம் கூடும், கூடக் கூட மேலும் சூடாகும். லித்தியம் சார்ஜரில் யு.பி.எஸ். பேட்டரியை மாட்டினால் சார்ஜர் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடும், பிடித்து வைக்க ஆள் இல்லாமல் பேட்டரி மெல்ல இறங்கும். ஒன்றுக்கு உயிர் காப்பது இன்னொன்றுக்குக் கொள்ளி.

லித்தியத்துக்குள்ளேயே ஒரே அளவு கிடையாது. 2019இல் வேதியியல் நோபல் பரிசு ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் லித்தியம்-அயன் பேட்டரிக்காகக் கிடைத்தது. அப்போது 97 வயதாகியிருந்த குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் தமிழ்நாட்டின் தென்கோடியில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். அவரும் குட்இனஃபும் 1980களில் செய்த ஆய்வின் சாரம், நேர்முனைப் பொருளில் எந்த அயனிக் கூட்டத்தை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து செல்லின் மின்னழுத்தத்தை மாற்றலாம் என்பது. அந்த வழியில் பின்னால் வந்ததுதான் இரும்பு-பாஸ்பேட் செல். அதன் உச்சம் 3.65 வோல்ட். கோபால்ட் செல்லுக்கு 4.2. உருவத்தில் இரண்டும் ஒரே அளவு உருளைகளாகக் கடையில் கிடைக்கின்றன, உறையில் பெயரளவு வோல்ட்டாக 3.2 என்றோ 3.7 என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். 4.2க்குக் காத்திருக்கும் சார்ஜர் 3.2 என்று போட்ட செல்லைத் தன் கணக்கில் இன்னும் நிறையாத ஒன்றாகவே நடத்தும்.

3. "வோல்ட் ஒத்தா போதும்" என்பது கணக்கில் நிற்குமா?

மின்சார சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் விற்கும் 48 வோல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி நான்கைத் தொடராக இணைத்தாலும் 48 வோல்ட்தான். லித்தியம் செல் பதின்மூன்றைத் தொடராக இணைத்தாலும் அதே 48 வோல்ட் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் ஈய-அமிலத்துக்கான சார்ஜர் 58.8 வோல்ட் வாக்கில் ஏற்றும். லித்தியத்துக்கான சார்ஜர் 54.6இல் நிற்கும், 13 தடவை 4.2. பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே மாதிரி பிளக்.

58.8ஐ 13ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு செல்லுக்கு 4.52 வோல்ட். 0.04 வோல்ட் பிழையைத் தாங்கும் பொருளுக்கு 0.32 வோல்ட் அதிகம். இந்தச் சார்ஜரும் "ஆட்டோ கட்"தான். அதில் ஒரு குறையும் இல்லை. 58.8இல் ஒழுங்காக நிற்கும் நல்ல சார்ஜர். அது நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லித்தியம் பேட்டரியின் எல்லை முடிந்துவிடுகிறது. பழைய சார்ஜர் கெட்டுப்போய், கடையில் "48 வோல்ட் சார்ஜர் இருக்கா?" என்று மட்டும் கேட்டு வாங்கிவருகிறவர் செய்வது இதைத்தான்.

எல்லா மாற்றமும் இப்படி ஆபத்தில் முடியும் என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்குப் போகும் மோட்டார்களில் எடை குறைய வேண்டும் என்று இரும்பு-பாஸ்பேட் பேட்டரி போட்டவர்கள் இருக்கிறார்கள். நான்கு செல், நான்கு தடவை 3.65, மொத்தம் 14.6. வண்டியின் ரெகுலேட்டர் பொதுவாக 14க்கும் 14.5க்கும் இடையில் தருகிறது. ஒத்துப்போகிறது, எண் பொருந்துவதால் ஒத்துப்போகிறது. அதே பேட்டரியை வீட்டில் பழைய ஆசிட் பேட்டரி சார்ஜரில் மாட்டி, அதில் சல்ஃபேட்டைக் கரைப்பதற்காக 15 வோல்ட்டுக்கு மேல் துடிப்புகளை அனுப்பும் முறை ஓடத் தொடங்கினால் கதை வேறு.

4. ஃபோன் அனுபவம் எதை நிரூபிக்கிறது?

ஃபோனைப் பற்றி மட்டும்தான் நிரூபிக்கிறது. சுவரில் செருகும் அந்த வெள்ளைப் பெட்டி பேட்டரியைச் சார்ஜ் செய்வதே இல்லை. அது 5 வோல்ட்டோ, ஃபோன் கேட்டால் 9 வோல்ட்டோ அதற்கு மேலோ தரும் மின்வழங்கி. சார்ஜ் செய்கிற சுற்று ஃபோனுக்குள், பேட்டரியின் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஒரு பேட்டரிக்காகவே, அதைத் தேர்ந்தெடுத்த அதே பொறியாளர்கள் அமைத்த சுற்று. பேட்டரியின் சூட்டை அளக்கிறது, எத்தனை முறை நிறைந்து காலியாயிற்று என்ற கணக்கை வைத்திருக்கிறது. நிறுத்துகிறவனும் நிறுத்தப்படுவதும் ஒரே உறைக்குள் இருப்பதால்தான் எந்தப் பெட்டியை மாற்றினாலும் ஃபோன் பெரும்பாலும் தப்பிக்கிறது.

மின்சாரக் காரும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் பாகோ ஓய்விடத்திலோ தங்காக்கிலோ நிற்கும் பெரிய டி.சி. சார்ஜர் தன்னிஷ்டத்துக்கு எதையும் முடிவு செய்வதில்லை. இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர், இப்போது குறை, இப்போது நிறுத்து என்று கார் கம்பி வழியே சொல்கிறது, அது கீழ்ப்படிகிறது. வீட்டுச் சுவரில் மாட்டும் ஏ.சி. பெட்டியோ மின்சாரத்தைக் கொடுப்பதோடு சரி, சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது.

இத்தனை வசதி இருந்தும் காருக்குக்கூடப் பேட்டரியின் நிலை முழுசாகத் தெரிவதில்லை. 2022 டிசம்பரில் மலேசியாவில் அறிமுகமான பி.ஒய்.டி. அட்டோ 3 இரும்பு-பாஸ்பேட் பேட்டரியில் ஓடுகிறது. அந்த வகையில் சார்ஜ் 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை மாறினாலும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடக்கும். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து ஊகிக்க வேண்டும், பிழை நாளுக்கு நாள் சேரும். இவ்வகைப் பேட்டரி உள்ள கார்களை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்களே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: உச்சியில் அழுத்தம் சட்டென்று எழும், அங்கே கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். லட்ச ரிங்கிட்டுக்கு மேல் விலையோடு வந்த வண்டியின் நிலையே இது. பதினைந்து ரிங்கிட் சார்ஜருக்கு எல்லாம் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

5. பச்சை விளக்கு என்னதான் சொல்கிறது?

பெரும்பாலான சார்ஜர்களில் அது சொல்வது ஒன்றே ஒன்று: என் வழியே இப்போது அதிக மின்னோட்டம் போகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அப்போதும் பச்சையாகவே எரியும். பேட்டரிக்குள் ஒரு செல் மட்டும் கெட்டு, அதன் அழுத்தம் மற்றவற்றை முந்திப் போனால் பாதுகாப்புப் பலகை மொத்தத்தையும் வெட்டிவிடும். மின்னோட்டம் பூஜ்யம், விளக்கு பச்சை. உரிமையாளர் "ஃபுல்" என்று எடுத்துக்கொண்டு கிளம்புவார், பாதி வழியில் வண்டி நிற்கும். மறுபடி மாட்டுவார், சீக்கிரமே பச்சையாகும். "சார்ஜ் வேகமா ஏறுது, ஆனா நிக்க மாட்டேங்குது" என்று பட்டறையில் சொல்வார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பேட்டரியைத் தனியே எடுத்துவைத்து ஒவ்வொரு செல்லாக அளக்க வேண்டும். இன்னொரு சார்ஜரை விற்றுவிடக் கூடாது.

விளக்கு எதையுமே அளக்காத பொருளும் வீட்டில் உண்டு. பழைய கொசு மட்டை ஒன்றின் கைப்பிடியைத் திறந்தால் உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம்: சார்ஜ் செய்யும் பக்கத்தில் ஒரு மின்தேக்கி, நான்கு டையோடுகள், ஒரு மின்தடை, ஒரு சிறு விளக்கு, பிறகு 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஒன்று. சில்லு கிடையாது. மின்தேக்கி மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. சிவப்பு விளக்கு பிளக்கில் மின்சாரம் வருகிறது என்று சொல்கிறது, பேட்டரியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. இத்தனை மணி நேரம் என்று பெட்டியில் எழுதியிருப்பதே அதன் ஒரே "கட்". கடிகாரம் பார்க்க வேண்டியவர் நீங்கள். மறந்துபோய் மூன்று நாள் செருகி வைத்தால், பேட்டரி உப்பி, கைப்பிடி பிளந்து நிற்கும். கொசு மட்டைகளில் பலவற்றின் உள்ளே வீட்டு மின்சாரம் நேரடியாகவே ஓடுகிறது. திறந்த நிலையில் பிளக்கில் செருகாதீர்கள்.

சில்லு இருந்தாலும் கவனம் வேண்டும். மலிவான ஸ்பீக்கர், டார்ச், கைவிசிறி எதைத் திறந்தாலும் டி.பி. 4056 என்ற சில்லு அல்லது அதன் உறவுக்காரர் ஒன்று இருக்கும் வாய்ப்பு அதிகம். நல்ல சில்லுதான். 4.2இல் பிடித்து, அமைத்த மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்தும். அதற்கு வெப்பநிலை பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு கால் உண்டு. கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் சிறு பலகைகளில் அந்தக் காலை நேரே கிரவுண்டோடு இணைத்துவிட்டிருப்பார்கள். சூட்டை அளக்கும் திறமையை வாங்கி, அதன் கண்ணைக் கட்டிவிட்டு விற்கிறார்கள். சார்ஜில் இருக்கும்போதே ஸ்பீக்கரைப் பாடவிட்டால் இன்னொரு சிக்கல். ஸ்பீக்கர் இழுக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்குப் போவதாகவே சில்லு எண்ணிக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு என்ற எல்லை வரவே வராது, இரவு முழுக்க 4.2இல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்.

6. பாதுகாப்புப் பலகை இருக்கும்போது என்ன பயம்?

அது கடைசிக் காவல். தினசரி சுவிட்ச் வேலைக்கு வைத்ததல்ல. ஒற்றைச் செல் பலகைகள் பொதுவாக 4.25இலிருந்து 4.3 வோல்ட்டுக்குள் வெட்டுகின்றன, செல்லின் பாதுகாப்பான எல்லைக்கு வெளியே கால் வைத்த பிறகு. தப்பான சார்ஜர் ஒவ்வொரு இரவும் பேட்டரியை அந்த விளிம்புக்குத் தள்ளி, பலகை ஒவ்வொரு இரவும் இழுத்துப் பிடிக்கிறது என்றால், அந்தப் பலகையிலுள்ள ஒரு சிறு டிரான்சிஸ்டர் பழுதாகும் இரவில் பிடிக்க ஆளில்லை. பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து எடுத்த உருளைச் செல்களில் பலவற்றுக்குப் பலகையே கிடையாது.

எந்தச் சார்ஜரும் எந்தப் பலகையும் காப்பாற்ற முடியாத கோளாறுகளும் உண்டு. 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில் லித்தியம் பேட்டரி தீப்பற்றியபோது, ஒரு செல்லுக்குள் நேர்ந்த உட்குறுக்குச் சுற்றிலிருந்து அது தொடங்கியது என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து கம்பி வழியே பார்க்க முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

7. ஜொகூரின் வெயிலை யார் கணக்கில் எடுத்தார்கள்?

ஈய-அமில பேட்டரிக்குச் சொல்லும் 14.4 வோல்ட் 25 டிகிரிக்கான எண். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். நம் ஊரில் பிற்பகல் 32, 33 டிகிரி சாதாரணம். தகரக் கூரைக் கொட்டகையில், வெயிலில் நின்ற வண்டியின் இருக்கைக்கு அடியில், அதற்கும் மேல். 35 டிகிரி என்று வைத்தாலே 0.2 வோல்ட் குறைத்தாக வேண்டும். வெப்ப உணரி இல்லாத சார்ஜர் குளிர்நாட்டு எண்ணிலேயே ஏற்றிக்கொண்டிருக்கும். அதிகப்படி மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். மூடி திறக்கும் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம், மூடி வைத்த பேட்டரியில் போன தண்ணீர் போனதுதான். ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். சன்னல் மூடிய ஸ்டோர் ரூமில் பேட்டரி சார்ஜ் போடாதே என்று பெரியவர்கள் அதட்டியது சரியான அதட்டல்.

லித்தியத்தை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, அல்லது உச்ச அளவைத் தாழ்த்திச் செய்ய வேண்டும். கண்கட்டிய அந்த மலிவுப் பலகைக்கு 45 என்ன, 60 என்ன?

8. அப்படியானால் எதையும் இரவில் போடாதே, ஜீரோ வரை இறக்கிவிட்டுப் போடு என்பவர்கள் சரியா?

அதுவும் இல்லை. ஜீரோ வரை இறக்கு என்பது நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை, அன்று அதற்குக் காரணம் இருந்தது. லித்தியம் செல்லை அடிமட்டம் வரை வடித்தால் எதிர்முனையின் செம்புத் தகடு கரையத் தொடங்கும், பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு தப்பான இடத்தில் படிந்து உட்குறுக்குச் சுற்றுக்கு வழி செய்யும். ஒரு வகையின் விதியை எல்லா வகைக்கும் நீட்டுவதுதான் இவர்களுடைய பிழையும். "சார்ஜருக்குத் தெரியும்" என்பவர்கள் செய்யும் அதே பிழை.

சார்ஜரும் பேட்டரியும் பொருந்த வேண்டிய இந்தச் சிக்கலை அண்டை நாடு எப்படிப் பார்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தனிநபர் மின்வண்டிகள் தொடர்ந்து தீப்பற்றிய பின் சிங்கப்பூர் யு.எல். 2272 தரச்சான்றைக் கட்டாயமாக்கியது. 2019 ஜூலை முதல் சான்றில்லாத வண்டிகளை விற்க முடியாது, 2020 ஜூலை முதல் வைத்து ஓட்டவும் முடியாது. அந்தத் தரம் பேட்டரியை மட்டும், சார்ஜரை மட்டும் தனித்தனியே பார்ப்பதில்லை. மோட்டார், பேட்டரி, சார்ஜர், இடையிலுள்ள சுற்று எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகச் சோதிக்கிறது. எது எப்போது நிற்கும் என்பது பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த இணைக்குச் சொந்தமான குணம் என்பதை ஏற்றுக்கொண்ட சட்டம் அது.

இங்கே 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளைச் சாலையில் ஓட்டத் தடை என்று அறிவித்தது. சாலைக்கான விதி அது. வண்டி சார்ஜில் நிற்பதோ வரவேற்பறையில், வெளியே போகும் ஒரே கதவுக்குப் பக்கத்தில். சார்ஜரின் மேல் சிரிம் முத்திரை இருந்தால் நல்லது, இல்லாததை வாங்கவே கூடாது. ஆனால் அந்த முத்திரை சார்ஜர் மின்பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியது என்பதற்கான சாட்சி. அதை நீங்கள் எந்தப் பேட்டரியில் மாட்டப்போகிறீர்கள் என்று முத்திரை போட்டவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொறுப்பு விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையில் இருக்கிறது, இருவரும் இப்போது அதை ஒரு பச்சை விளக்கிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "எத்தனை வோல்ட்?" என்று கேட்டதும் சார்ஜரை எடுத்து நீட்டாதீர்கள். பேட்டரி ஆசிட்டா, லித்தியமா, லித்தியம் என்றால் எத்தனை செல் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பேட்டரியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்குகிறவர்களிடமும் ஒன்று. இன்று இரவு சார்ஜரைச் செருகுவதற்கு முன் அதைத் திருப்பி, அவுட்புட் என்று போட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். பேட்டரியின் வகைக்கும் செல் எண்ணிக்கைக்கும் அந்த எண் பொருந்தவில்லை என்றாலோ, எண்ணே இல்லை என்றாலோ, அந்தச் சார்ஜரை அந்தப் பேட்டரியில் இனி மாட்டாதீர்கள்.